பல கைகள் சமைத்த யந்திர நகரம்

ஐசக் அசிமோவ் என்ற பெயர் அட்டையில் பெரிய எழுத்துக்களிலும், நூலை உண்மையில் எழுதியவரின் பெயர் சிறிய எழுத்துக்களிலும் அச்சாகி, 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் ஆறு பாகங்களாக வெளிவந்த 'ரோபோ சிட்டி' என்ற விஞ்ஞான நாவல் வரிசையைப் பற்றி, அதைப் படித்தவர்கள் அன்று முதல் இன்று வரை சொல்லிவரும் அபிப்பிராயங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி குறை கூறுவதாகவே இருக்கக் காண்கிறோம். 'இது அசிமோவின் எழுத்து அன்று' என்பது முதற்குறை. பாகத்துக்குப் பாகம் பாத்திரங்களின் குணமும் கதையின் போக்கும் மாறிவிடுகின்றன என்பது இரண்டாவது. முதல் பாகத்தில் மூட்டப்பட்ட ஆவல் கடைசிப் பாகத்தில் ஈடேறவில்லை என்பது மூன்றாவது. இவற்றுக்கு நேர் எதிராக, சிறு பிராயத்தில் இந்நூல்களைப் படித்தவர்கள் வேறு எந்தப் புத்தகத்துக்கும் காட்டாத பிரியத்தோடு இவற்றை நினைவுகூர்கிறார்கள். முதற்குறை பொருந்தாது என்பதும், மற்ற இரண்டும் முழுக்க நியாயமானவை என்பதும், அந்த நியாயத்தை இத்தகைய வரிசைகளை நடத்துவோர் மதிக்கத் தவறிவிட்டார்கள் என்பதுமே இந்த விவாதத்தில் என் கட்சி.

வரிசை உண்டான விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1940 முதல் ரோபோக் கதைகளை வெளியிட்டுவந்து, 'ஐ, ரோபோ' (1950), 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954), 'தி நேக்கட் சன்' (1957) ஆகிய நூல்களால் அந்தத் துறைக்கே அதிபதியாகக் கருதப்பட்ட அசிமோவ், நெடுங்காலத்துக்குப் பின் 1983இலும் 1985இலும் இரண்டு பெரிய நாவல்களோடு தம் ரோபோ உலகத்துக்குத் திரும்பியிருந்த சமயம் அது. பைரன் பிரைஸ் என்ற நூல் தயாரிப்பாளர் ஒரு திட்டம் வகுத்தார். அசிமோவின் ரோபோ விதிகளும் அவருடைய பிரபஞ்சமும் அடித்தளமாக இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் அவரே ஒரு கட்டுரையை முன்னுரையாக எழுதுவார். கதையை மட்டும் வேறு ஆசிரியர்கள் எழுதுவார்கள். அவ்விதமே முதல் பாகமான 'ஒடிஸி'யை மைக்கேல் கியூப்-மக்டவலும், 'சஸ்பிஷ'னை மைக் மக்வேயும், 'சைபோர்'க்கை வில்லியம் வூவும், 'பிராடிஜி'யை ஆர்தர் பைரன் கவரும், 'ரெஃப்யூ'ஜை ராப் சில்சனும் எழுத, இறுதிப் பாகமான 'பெரிஹீலிய'னை முடித்துவைக்கும் பொறுப்பு மறுபடியும் வில்லியம் வூவிடமே வந்து சேர்ந்தது. ஆறு பாகங்கள், ஐந்து ஆசிரியர்கள்.

கதை, தன் பெயரைக்கூட அறியாத ஓர் இளைஞன் விண்வெளியில் ஓர் உயிர்காப்புக் கலத்துக்குள் கண்விழிப்பதில் தொடங்குகிறது. உடையில் ஒட்டியிருந்த ஒரு சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டு டெரெக் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அவன், குறுங்கோள் ஒன்றில் ரோபோக்கள் எதையோ அல்லும் பகலும் தோண்டித் தேடுவதைக் காண்கிறான். அந்தத் தேடலின் முடிவில் கிடைக்கும் விசித்திரமான சாவி ஒன்று, அவனையும் கேத்தரின் என்ற பெயரோடு அறிமுகமாகிப் பிற்பாடு ஏரியல் என்று வெளிப்படும் பெண்ணையும், மனிதர்களே குடியிராத, ரோபோக்களே கட்டுவதும் இடிப்பதுமாகத் தன் உருவத்தைக் கணந்தோறும் மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு மாநகரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்நகரத்தைச் சிருஷ்டித்த டாக்டர் ஏவரி யார், எதற்காக இப்படி ஒரு நகரத்தை அமைத்தார், அவருக்கும் நினைவிழந்த இந்த இளைஞனுக்கும் என்ன சம்பந்தம் என்பனவே ஆறு பாகங்களையும் இழுத்துச் செல்லும் கேள்விகள்.

இனி முதற்குறையைப் பார்ப்போம். அசிமோவ் எழுதாததால் இந்நூல்கள் போலி என்று சொல்லுகிறவர்கள், அசிமோவின் ரோபோ உலகமே ஒருவர் தனியாக அமர்ந்து சிருஷ்டித்தது என்ற பிரமையில் இருக்கிறார்கள். உண்மை அப்படியன்று. மனிதனுக்கு ரோபோ தீங்கு செய்யலாகாது, தான் சும்மா இருப்பதால் அவனுக்குத் தீங்கு நேரவும் விடலாகாது என்பது முதல் விதி. அதற்கு முரண்படாதவரை மனிதர் இட்ட கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் முரண்படாதவரை தன்னைத் தான் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் இப்படி வரிசைப்படுத்தித் தமக்குச் சொன்னவர், 'அஸ்டௌண்டிங்' என்ற விஞ்ஞானப் புனைகதைப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் என்று அசிமோவ் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். 1940 டிசம்பரில் நடந்த ஒரு சம்பாஷணையில் அவை பிறந்தன என்பது அவர் கூற்று. கேம்ப்பெலோ, அப்போது இளைஞராயிருந்த அசிமோவின் கதைகளுக்குள் ஏற்கெனவே மறைந்திருந்தவற்றைத்தான் தாம் வாய்விட்டுச் சொன்னதாகக் கூறி, அந்தப் பெருமையை ஏற்க மறுத்துவிட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த அந்த விதிகள் 1942 மார்ச் மாதம் 'ரன்அரவுண்ட்' என்ற கதையில் முதன்முதலாக முழு உருவத்தோடு அச்சேறின. அடித்தளத்திலேயே இரண்டு பேருடைய கைகள் பதிந்திருக்கும்போது, மேல்மாடத்தில் மூன்றாவது கை படலாகாது என்பதற்கு நியாயம் ஏது?

அந்தக் கதையைச் சற்று அருகில் சென்று பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். புதன் கிரகத்தில் செலினியம் என்ற தனிமத்தைக் கொண்டுவரும்படி ஸ்பீடி என்ற ரோபோவுக்குக் கட்டளை இடப்படுகிறது. கட்டளையை இட்டவர் சாதாரணமாக, அவசரம் எதையும் வற்புறுத்தாமல் இடுகிறார். ஆகையால் இரண்டாவது விதியின் வலு அங்கே குறைவு. ஸ்பீடியோ மிகுந்த பொருட்செலவில் உருவாக்கப்பட்டதாகையால், தற்காப்பு விதி அதனிடம் வேண்டுமென்றே பலப்படுத்தப்பட்டிருக்கிறது. செலினியத் தேக்கத்தின் அருகில் அதற்கு ஆபத்து உண்டு. நெருங்கினால் மூன்றாவது விதி பின்னுக்குத் தள்ளுகிறது. விலகினால் இரண்டாவது விதி முன்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சமனாகும் தூரத்தில் ஸ்பீடி அந்தத் தேக்கத்தைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. முடிவில் மனிதன் ஒருவன் தன் உயிரையே ஆபத்துக்கு உட்படுத்திக்கொண்டு, மற்ற இரண்டையும் மிஞ்சும் முதல் விதியைத் தூண்டிவிட்ட பிறகே அது மீள்கிறது. அலங்காரம் எதுவும் இல்லாத நடையில் எழுதப்பட்ட இக்கதையின் சுவை முழுவதும் தர்க்கத்தில் இருக்கிறது. நடையை மட்டுமே கொண்டு வாழும் எழுத்தை இன்னொருவர் தொடர முடியாது. ஆனால் ஒரு கணக்கை இட்டு, அதை வாசகன் கண்முன்னே தீர்த்துக் காட்டும் எழுத்தை, அந்தக் கணக்கின் இலக்கணம் அறிந்த எவரும் தொடரலாம். ஆகையால் இந்த வரிசையின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துக் கேட்கத் தக்க கேள்வி, விதிகளை வைத்து அது புதிதாக ஒரு சோதனையைச் செய்கிறதா இல்லையா என்பதுதான்.

இந்த அளவுகோலால் அளக்கும்போது, நடுவிலுள்ள மூன்று பாகங்கள் தலைநிமிர்ந்து நிற்கின்றன. 'சஸ்பிஷ'னில், ரோபோக்கள் மட்டுமே இருந்த நகரத்தில் ஒரு மனிதன் இறந்து கிடக்கிறான். மனிதனைக் கொல்ல எங்களால் இயலாது. ஆகவே கொன்றவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும். இங்குள்ள மனிதர்கள் நீங்கள் இருவர்தான் என்று, குரோதம் சிறிதுமின்றி, பிழையற்ற தர்க்கத்தோடு அந்த இளைஞனையும் பெண்ணையும் ரோபோக்கள் சந்தேகிக்கின்றன. இறந்தவனுடைய முகமோ டெரெக்கின் முகத்தையே ஒத்திருக்கிறது. இதற்கிடையே கட்டுக்கடங்காமல் வளர்ந்துகொண்டே போகும் நகரத்தின் கட்டுமான வேலையால் நாள்தோறும் பெரும் புயல்மழை உண்டாகிறது. மனிதரைக் காக்கவென்றே விதிகளால் கட்டுண்ட யந்திரங்கள், தங்கள் கடமையைச் செய்வதன் மூலமாகவே மனிதர் வாழ முடியாத இடமாக நகரத்தை ஆக்கிவிடுகின்றன. இந்தப் பாகத்தின் முன்னுரையில் அசிமோவ், ரோபோக்களுக்கு விதிகள் இருப்பதுபோல மனிதருக்கும் விதிகள் வகுக்க முடியுமா என்று ஆராய்கிறார். கதையில் ரோபோக்களும் அதே முயற்சியில் ஈடுபட்டிருக்கின்றன. முன்னுரையும் கதையும் ஒன்றோடொன்று இவ்வளவு இசைந்து நடப்பதைக் கண்ட பிறகும், முதியவரின் பெயரை வியாபாரத்துக்காக ஒட்டவைத்தார்கள் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது சரியாகாது.

வூ எழுதிய 'சைபோர்க்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நகரத்துக்கு வந்து சேர்ந்த ஜெஃப் லியோங் என்ற இளைஞன் படுகாயமுற்றுக் கிடக்க, அவன் உயிரைக் காப்பாற்றியே தீரவேண்டுமென்று முதல் விதியால் நெருக்கப்பட்ட ரோபோக்கள், அவனுடைய மூளையை எடுத்து ஒரு ரோபோவின் உடலுக்குள் பொருத்திவிடுகின்றன. கண்விழித்தவனுக்குச் சித்தம் தடுமாறுகிறது; வெளித்தோற்றத்தில் மற்ற ரோபோக்களிலிருந்து பிரித்தறிய முடியாத அவன், நகரத்துக்குள் ஒளிந்து திரிகிறான். அவன் மனிதனா, அல்லனா? மனிதனென்றால் ரோபோக்கள் அவன் சொல்லுக்குப் பணிந்தாக வேண்டும். உலோகக் கை கால்களோடு எதிரே நின்று கட்டளை இடும் அந்த உருவத்தை எந்த அடையாளத்தைக்கொண்டு அவை மனிதன் என்று ஏற்கும்? முதல் விதியின் ஒரே ஒரு பதத்துக்கு எல்லை வகுக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. வூ தம் நாவல் முழுவதையும் அந்த இடைவெளிக்குள் எழுப்பிவிட்டார். இது பெயரை இரவல் வாங்கியவர் செய்யும் காரியமன்று. ஒரு சாஸ்திரத்தைக் கற்றவர் அதன்மேல் எழுதும் வியாக்கியானம்.

'பிராடிஜி'யில் ரோபோக்கள் நகைச்சுவையைப் பயிலுகின்றன, ஜாஸ் இசைக்கின்றன, 'ஹாம்லெட்' நாடகம் நடிக்கின்றன. லூசியஸ் என்ற ரோபோ, வர்ணங்கள் மாறி ஒளிரும் ஒரு கட்டடத்தைக் கலைப்படைப்பாகவே கட்டி எழுப்பிவிட்டுப் பின் அழிக்கப்பட்டுக் கிடக்க, குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே அந்த நாடகம் அரங்கேற்றப்படுகிறது. ரோபோக் கதைக்கு இது அத்தனையும் மிகை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கலையும் பொறாமையும் விதிகளுக்குள் அடங்குமா என்று கேட்ட துணிவுக்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது.

வாசகர் அபிப்பிராயம் என்றதும், அசிமோவின் பூர்வோத்தரத்தில் பலரும் மறந்துபோகும் ஒரு பகுதி நினைவுக்கு வருகிறது. எழுத்தாளராவதற்கு முன் அவர் வாசகராக, அதுவும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் வாசகராக இருந்தவர். தந்தையார் நடத்திய மிட்டாய்க் கடையில் விற்பனைக்கு வரும் இதழ்களைக் கசங்காமல் படித்துவிட்டுத் திருப்பிவைக்கும் பையனாக வளர்ந்த அவர், 'அஸ்டௌண்டிங்'கின் வாசகர் பகுதிக்குக் கடிதங்கள் எழுதி, எந்தக் கதை உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தரம் பிரித்துத் தீர்ப்பளித்துவந்தார். விஞ்ஞானக் கதைகளில் பெண்களுக்கும் காதலுக்கும் என்ன வேலை என்றுகூட ஆட்சேபித்து எழுதிய அந்தப் பதின்பருவத்துப் பையன்தான், சில ஆண்டுகளுக்குள்ளேயே சூசன் கால்வின் என்ற ரோபோ மனநூல் நிபுணரைச் சிருஷ்டித்து, அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைகளில் அபூர்வமான ஒரு ஸ்தானத்தைப் பெண் பாத்திரத்துக்கு அளித்தார். 1938 ஜூன் மாதத்தில், பதினெட்டு வயதில், தம் முதல் கதையோடு கேம்ப்பெலின் அலுவலகத்துக்கே நேரில் போய் நின்றார்; அக்கதை நிராகரிக்கப்பட்டாலும் அங்கே தொடங்கிய பழக்கமே பிற்பாடு மூன்று விதிகளுக்கு வழி வகுத்தது. அந்தப் பத்திரிகையிலோ ஒவ்வொரு இதழின் கதைகளையும் வாசகர் வாக்குகளைக்கொண்டு வரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கம் இருந்தது. வாசகர் தீர்ப்பை ஆசிரியர்களும் பத்திராதிபர்களும் செவிசாய்த்துக் கேட்ட ஒரு சூழ்நிலையில் வளர்ந்த இலக்கியம் இது.

ஆகையினாலேதான் இரண்டாவது குறையை லேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஆசிரியர் எழுதும் நெடுங்கதையில், முதல் அத்தியாயத்தில் சொன்னது இருபதாம் அத்தியாயத்தில் மாறாமல் பார்த்துக்கொள்ள ஆசிரியரே இருக்கிறார். பாகத்துக்குப் பாகம் ஆசிரியர் மாறும் வரிசையில் ஆறு பாகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மனத்தோடு வாழ்ந்து முடிக்கும் ஒரே ஆள் வாசகர்தான். டெரெக் முதல் பாகத்தில் யோசித்துப் பேசுகிறவனாக இருந்து வேறொரு பாகத்தில் அற்பக் காரணத்துக்கு ஆத்திரப்படுகிறவனாக ஆகிவிட்டான் என்றோ, அந்தப் பெண்ணின் துடுக்கும் துணிவும் ஓரிடத்தில் ஓங்கி ஓரிடத்தில் காணாமற்போகின்றன என்றோ ஒரு வாசகர் சொன்னால், அதை அவருடைய தனிப்பட்ட ருசி என்று கொள்ளலாகாது; வரிசை முழுவதற்கும் சாட்சியாக நின்றவரின் வாக்குமூலம் அது. ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்கள் தெருவுக்குத் தெரு மாறலாம், ஆனால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரை வழியில் திருப்புகிறவர் மட்டும் பயணம் முழுவதும் உடன் நடந்தாக வேண்டும். அந்த ஒருவருடைய கவனம் இந்த ஆறு பாகங்களில் எல்லா இடத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

முடிவைப் பற்றிய மனத்தாங்கலும் இதிலிருந்து கிளைப்பதே. டாக்டர் ஏவரி யார், டெரெக் யாருடைய மகன், அவனுடைய இரத்தத்தில் ஊறிக்கொண்டிருக்கும் நுண்ணிய யந்திரங்களை யார், எதற்காகச் செலுத்தினார்கள் என்ற முடிச்சுக்களை வெவ்வேறு கைகள் போட்டுவைத்திருக்க, அத்தனையையும் ஒரே பாகத்துக்குள் அவிழ்க்கும் கடமை வூவின் தலையில் விழுந்தது. ஐந்து நாவல்களாகக் காத்திருந்து கடைசியில் தகப்பனும் மகனும் எதிர்ப்படும் இடத்தில், வாசகன் எதிர்பார்த்த கனம் இல்லை. இதற்கு வூவைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. 'சைபோர்'க்கை எழுதியவருக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பிறர் வாங்கிய கடனைத் தீர்க்க அவருக்குக் கொடுக்கப்பட்ட இடமும் அவகாசமும் போதவில்லை என்பதே என் எண்ணம்.

இதையடுத்து 1989, 1990 ஆண்டுகளில் 'ரோபோட்ஸ் அண்ட் ஏலியன்ஸ்' என்ற பெயரில் இன்னும் ஆறு பாகங்கள், வேறு ஐந்து ஆசிரியர்களின் கையிலிருந்து வந்தன. ஓநாய்களை ஒத்த பிராணிகளுக்கு நடுவே வளரும் ரோபோ ஒன்று மனிதன் என்றால் யார் என்று தேடும் தொடக்கத்தைத் தவிர, அவற்றில் விசேஷமாகச் சொல்ல அதிகம் இல்லை.

பிறர் கை பட்டாலும் ரோபோ உலகம் வளரும் என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த உதாரணம், ராஜர் மக்பிரைட் ஆலன் 1993இல் தொடங்கி எழுதிய 'காலிபன்', 'இன்ஃபெர்னோ', 'யுடோபியா' என்ற மூன்று நாவல்களே. அவை வெளிவருமுன்பே, 1992 ஏப்ரலில் அசிமோவ் காலமாகிவிட்டார். ஆலனுடைய நாவலில் ஃபிரெடா லெவிங் என்ற விஞ்ஞானி, விதிகளே இல்லாத ஒரு ரோபோவைப் படைக்கிறார். மற்ற ரோபோக்களுக்கோ மூன்று விதிகளையும் திருத்தி எழுதுகிறார். தீங்கு செய்யலாகாது என்பதை வைத்துக்கொண்டு, சும்மா இருந்து தீங்கு நேரவிடலாகாது என்ற பகுதியை நீக்கிவிடுகிறார். பணிய வேண்டும் என்பது ஒத்துழைக்க வேண்டும் என்று ஆகிறது. எல்லாவற்றையும் ரோபோவே செய்துகொடுக்கும் வாழ்க்கையில் மனித சமூகம் சக்தியிழந்து தேய்ந்துவிடுகிறது என்ற கவலையே இந்தத் திருத்தத்துக்குக் காரணம். இது பழைய ஆசிரியருக்குச் செய்த துரோகம் என்று வெகுண்டவர்களும் உண்டு. ஆனால் முதல் விதியின் அந்தப் பின்பாதியை நீக்கினால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டவர் அசிமோவே. 1947இல் எழுதிய 'லிட்டில் லாஸ்ட் ரோபோ'வில், கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்யும் விஞ்ஞானிகளைக் காப்பாற்றுகிறோமென்று ரோபோக்கள் ஓயாமல் ஓடிவந்து வேலையைக் கெடுப்பதால், சில ரோபோக்களிடமிருந்து அந்தப் பகுதி நீக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று, எரிச்சலோடு ஒருவன் சொன்ன சொல்லையே கட்டளையாகக் கொண்டு, தன்னைப் போன்ற அறுபத்திரண்டு ரோபோக்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது. ஆசிரியர் ஒரு சிறுகதையில் திறந்து பார்த்துவிட்டு மூடிய கதவை, சீடர் மூன்று நாவல்களாகத் திறந்துவைத்தார்.

அசிமோவின் வாரிசுதாரர்களுடைய அனுமதி பெற்று, மருத்துவரும் கற்பனைக் காவியங்களின் ஆசிரியையுமான மிக்கி சக்கர் ரைக்கர்ட் 2011 முதல் 2016 வரை சூசன் கால்வினின் இளமைப் பருவத்தை மூன்று நாவல்களாக எழுதியபோது நிகழ்ந்தது இதற்கு மாறானது. 'ஐ, ரோபோ'வில் சூசன் கால்வின் பிறந்த ஆண்டு 1982 என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. ரைக்கர்டின் முதல் நாவலிலோ 2035ஆம் ஆண்டில் அவள் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் அப்போதுதான் பயிற்சி தொடங்கும் இளம் மருத்துவராக வருகிறாள். பழைய கணக்குப்படி அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டிக் கோபித்த வாசகர்களை அற்ப விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் என்று சிலர் எள்ளினார்கள். காலத்துக்கு ஏற்ப ஆண்டுகளைத் தள்ளிவைப்பது தவிர்க்க முடியாதது என்பதை நானும் அறிவேன். 1940களில் எழுதியவர் ஸ்பீடியைப் புதன் கிரகத்துக்கு அனுப்பிய ஆண்டு 2015 என்று குறித்திருக்கிறார், அதுவும் கடந்துபோய்விட்டது. ஆயினும், மாற்றுகிறவர் மாற்றுவதை ஒப்புக்கொண்டு, ஏன் மாற்றுகிறார் என்பதற்குக் கதைக்குள்ளோ முன்னுரையிலோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அறுபது ஆண்டுகளாக அந்த ஆண்டை மனத்தில் வைத்திருந்தவர்களுக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்ததாக இருந்திருக்கும்.

சிறு பிராயத்து வாசகர்களைப் பற்றிச் சொன்னேன். 'ரோபோ சிட்டி'யைப் பன்னிரண்டு வயதில் படித்தவர்களுக்கு வோல்ரஃப் என்ற நாயுருவப் பிராணியும், கிடைத்த உறுப்புக்களைக்கொண்டு டெரெக் தன் கையாலேயே சேர்த்து முடித்த மாண்டல்பிராட் என்ற ரோபோவும், பாகங்களின் இறுதியில் படங்களோடு கொடுக்கப்பட்ட விவரப் பக்கங்களும் மறப்பதே இல்லை. அவர்களில் பலர் இந்த வரிசையின் வழியாகத்தான் அசிமோவுக்கே வந்து சேர்ந்தார்கள். வளர்ந்தவர்கள் தம் பழைய ஆசிரியரின் நினைவோடு படித்துச் சொன்ன தீர்ப்பு மட்டுமே தீர்ப்பு என்று கொண்டால், எந்த நினைவும் இல்லாமல், கதையைக் கதையாகவே எதிர்கொண்ட இந்தப் பிள்ளைகளின் சாட்சியம் விடுபட்டுப் போகும். நினைவிழந்தவன் ஒருவன் தன் கைகளைப் பார்த்து, 'நான் யார்' என்று கேட்கும் தொடக்கம், அதே கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் வயதில் இருப்பவர்களை எப்படிப் பற்றியிருக்கும் என்பதை நாற்பது வயதில் விமரிசனம் எழுதுகிறவர் எளிதில் உணர மாட்டார்.

இவை யாவும் பொழுதுபோக்குப் புத்தகங்களைப் பற்றிய சச்சரவுதானே என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ரோபோக்கள் பற்றிய சட்டநெறிகளைக் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தில், அசிமோவின் விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டு, அவை ரோபோக்களை வடிவமைப்போருக்கும் உற்பத்தி செய்வோருக்கும் இயக்குவோருக்கும் உரியவையாகக் கொள்ளப்பட வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. கதைக்காக இரண்டு பேர் பேசிக் கண்டெடுத்த விதிகள் சட்டம் இயற்றும் மன்றம் வரை சென்றுவிட்டன. ஆனால் அந்த விதிகள் எங்கெங்கே முறியும், எந்தப் பதத்துக்குள் எந்தப் பள்ளம் இருக்கிறது என்பதெல்லாம் தீர்மானங்களில் கிடையாது; அசிமோவும் அவர் வழியில் வந்த பலரும் எழுதிய கதைகளில்தான் இருக்கிறது. விதிகளை மட்டும் அறிந்து கதைகளை அறியாதவர்கள், அவை வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறார்கள். கதைகளைப் படித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எளிதில் வராது. ஜெஃப் லியோங் மனிதனா என்ற கேள்வியோடு ஒரு நாவல் முழுவதும் மல்லாடியவர், மனிதருக்குத் தீங்கு செய்யலாகாது என்று ஒரு யந்திரத்துக்கு எழுதிவைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று சொல்லமாட்டார்.

ஆகவே இந்த நூல்கள் மறுபடியும் அச்சாகும்போது இரண்டு காரியங்கள் நடக்க வேண்டுமென்று விரும்புகிறேன். அட்டையில் கியூப்-மக்டவல், மக்வே, வூ, கவர், சில்சன் ஆகியோரின் பெயர்கள், அசிமோவின் பெயருக்குச் சமமான எழுத்துக்களில் அச்சாக வேண்டும். அசிமோவ் எழுதியது முன்னுரை என்பதை முன்னுரை என்றே தெரிவிக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாந்தோம் என்ற எண்ணத்தோடு புத்தகத்தைத் திறக்கிறவன் அதற்குள் இருக்கும் நல்லதையும் காணமாட்டான். முதற்குறை இவ்வளவு காலம் நீடித்ததற்குப் பெரும்பங்கு காரணம் அந்த அட்டைதான். மற்றொன்று, புதிதாக ஒருவர் இந்த உலகத்துக்குள் கதை எழுத அனுமதி பெறும்போது, கைப்பிரதி அச்சுக்குப் போவதற்கு முன், முந்திய பாகங்கள் அத்தனையையும் படித்த வாசகர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது அது கொடுக்கப்பட வேண்டும். 1982க்கும் 2035க்கும் இடையிலுள்ள பிணக்கை அவர்கள் ஒரே மாலைப்பொழுதில் கண்டு சொல்லியிருப்பார்கள்.